கேசட்டோடு அந்தக் குரலைத் தெரிந்தவரையும் அழைத்து வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் முதல் நம் தஞ்சாவூர்க் கடையில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறோம். வீட்டில் பேசிப் பதிவு செய்த கேசட்டை டிஜிட்டலாக மாற்றக் கொண்டு வருகிறவர்கள், அந்தக் குரலை நேரில் கேட்டுப் பழகிய ஒருவரையும் கூட அழைத்து வர வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் எங்களோடு உட்கார்ந்தால் போதும். சினிமா பாட்டு கேசட், பக்திப் பாட்டு கேசட் இவற்றுக்கு இது தேவையில்லை.

இதைச் சொன்னதும் சிலர் போனில் காரணம் கேட்டார்கள். காசும் கொடுத்து நாங்களும் வந்து உட்கார வேண்டுமா என்று ஒருவர் வருத்தப்பட்டே கேட்டார். நியாயமான கேள்விதான். போனில் இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

போன கார்த்திகையில் அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா ஒரு கேசட் கொண்டு வந்தார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் வீட்டுக்குப் பேசி அனுப்பியது. போன் பேசக் கட்டுப்படியாகாத அந்த நாட்களில், ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் கேசட் கொடுத்தனுப்புவார்கள், வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். நாங்கள் கேசட்டைச் சுத்தம் செய்து, நல்ல டெக்கில் (கேசட் ஓட்டுகிற மெஷினில்) ஓட்டி, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தோம். மறுநாளே திரும்பி வந்துவிட்டார். "எல்லாம் தெளிவாத்தான் கேக்குது, ஆனா இது எங்க அத்தா குரல் இல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த மனிதர் அங்கே பேட்டரி போட்டுப் பதிவு செய்திருக்கிறார், பேட்டரி பாதி தீர்ந்திருக்கிறது. கேசட்டில் டேப் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது கணக்கு. பேட்டரி இறங்கினால் மோட்டார் தளர்ந்து டேப் மெதுவாக நகரும், குரல் அந்த மெதுவிலேயே பதிந்துவிடும். அதை இன்றைக்குச் சரியான வேகத்தில் ஓட்டினால் பேச்சு வேகமாகவும் குரல் கீச்சென்றும் வரும். எங்கள் டெக் சரியாகத்தான் ஓடியது, அதனால்தான் குரல் தப்பாக வந்தது.

அந்த அம்மாவை உட்காரவைத்து வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம், மூன்று. ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். ஏதோ ஓரிடத்தில் ஆட்டுவதை நிறுத்தினார். வேறொன்றும் சொல்லவில்லை, அழுதுவிட்டார். நாங்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டோம்.

கரண்ட்டில் ஓடிய டேப் ரெக்கார்டராக இருந்தால் எங்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால், அந்த "ம்ம்ம்" ரீங்காரமும் கேசட்டில் மெல்லப் பதிந்திருக்கும். அது எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்து வேகத்தைச் சரி செய்யலாம். ஆனால் அந்தக் காலத்தில் நம் ஊர்க் கரண்ட்டே ஒழுங்காக 50ல் நின்றதில்லை. அதனால் அதுவும் உத்தேசம்தான். பேட்டரியில் பதிவானதற்கு அந்த உத்தேசமும் கிடையாது. எந்த மெஷினும் சொல்ல முடியாததை அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த காது சொல்லிவிடுகிறது. அந்தக் காது இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் அவசரம்.

வேகம் மட்டுமல்ல, ஹெட் சாய்வும் இருக்கிறது. டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கிற ஹெட் நேராக நிற்க வேண்டும். வீட்டு டேப் ரெக்கார்டர்களில் அது ஒரு மயிரிழை சாய்ந்துதான் இருக்கும், பதிவும் அந்தச் சாய்வோடுதான் ஆகியிருக்கும். அதே செட்டில் போட்டால் நன்றாகக் கேட்கும். வேறொன்றில் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மந்தமாக வரும். கேசட் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். போகவே இல்லை, ஹெட் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி அந்தப் பழைய சாய்வுக்குக் கொண்டுவந்தால் குரல் திறந்துகொள்ளும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்கிறோம்.

அப்புறம் நேரம். "ஒரு கேசட்டுக்கு எதுக்குங்க மூணு நாள்?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். 60 நிமிட கேசட்டை மாற்ற 60 நிமிடம் ஆகும், அதில் குறுக்கு வழி இல்லை. உள்ளே கிட்டத்தட்ட 86 மீட்டர் டேப் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அது இரண்டு தடவை ஹெட்டைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். வேகமாக ஓட்டி எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வீட்டுக் கேசட்டைக் கொடுத்துவிடாதீர்கள். நம் டெல்டா ஈரத்தில் பாதிக் கேசட்டுக்கு வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் ஹெட்டும் கெடும், அடுத்து வருகிற கேசட்டுக்கும் ஒட்டும். சிலவற்றில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும். சிலவற்றை வெளிக்கூடு மாற்றித்தான் ஓட்ட வேண்டும். வேலை இதில்தான் போகிறது.

இன்னொரு குறை, ஏன் வெட்டாமல் தருகிறீர்கள் என்பது. நடுவில் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை, ஆரம்பத்தில் ஒரே சத்தம், இதையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன என்று. முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். ஒரு தடவை ஒரு பாட்டியின் தாலாட்டு வந்தது. முதல் இரண்டு நிமிடம் பாத்திரச் சத்தம், கோழிச் சத்தம், யாரோ தூரத்தில் பேசுவது. வெட்டிவிட்டுத் தாலாட்டை மட்டும் சுத்தமாகக் கொடுத்தோம். பேரன் கேட்டுவிட்டு வந்து, "பாட்டி கோழியைக் கூப்பிடுவாங்களே, அது எங்க?" என்றார். நாங்கள் சத்தம் என்று எடுத்துப்போட்டதில் அதுவும் போயிருந்தது. கேசட் பத்திரமாக இருந்ததால் மறுபடி எடுத்துக் கொடுக்க முடிந்தது. அன்றைக்கு நிறுத்தியதுதான். எது சத்தம், எது பாட்டி என்று எங்களுக்குத் தெரியாது.

பாட்டு முடிந்த பிறகும் கேசட்டைக் கடைசி அங்குலம் வரை ஓட விடுவதற்கும் காரணம் உண்டு. கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு சின்னக் காது இருக்கும், அதை உடைத்துவிட்டால் மேலே பதிவு ஆகாது. பல வீடுகளில் உடைக்கவே மாட்டார்கள், உடைத்திருந்தாலும் பையன்கள் அந்த ஓட்டையில் செலோ டேப்பை ஒட்டிவிட்டுப் புதுப் படப் பாட்டைப் பதிந்துவிடுவார்கள். பாட்டு எங்கே நின்றதோ அதற்குப் பிறகு பழைய பதிவு அப்படியே இருக்கும். ஆறு சினிமா பாட்டு முடிந்ததும் திடீரென்று ஒரு பெரியவர் நாற்று நடவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அப்படி நாலைந்து குடும்பங்களுக்கு, இருக்கிறதென்றே தெரியாத குரல்களைக் கொடுத்திருக்கிறோம்.

பாட்டு கேசட்டையும் பழசு என்று ஒதுக்காதீர்கள். எல்லாப் பாட்டும் போனில் இருக்கிறதே என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் இந்தக் கடையை அப்பா ரேடியோ ரிப்பேர் கடையாக ஆரம்பித்தபோது ஊர் எப்படிக் கேட்டது என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வால்வு ரேடியோவைப் போட்டால் சூடேறிப் பேச ஆரம்பிக்கவே சிறிது நேரம் பிடிக்கும். திருச்சி வானொலி 1939லேயே வந்துவிட்டது, அதில் கச்சேரி, வயலும் வாழ்வும், செய்தி. சினிமா பாட்டு வேண்டுமென்றால் இலங்கை வானொலிதான். கடல் தாண்டி மத்திய அலையில் நம் பக்கம் அவ்வளவு தெளிவாக வரும். காலையில் பொங்கும் பூம்புனல் கேட்டால்தான் பல வீடுகளில் பொழுது விடியும். அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது இவர்கள் குரலெல்லாம் நம் தெருவில் குடியிருந்தவர்கள் குரல் மாதிரி. ரேடியோ இருக்கிற வீட்டுத் திண்ணையில் மற்ற வீட்டார் வந்து உட்காருவார்கள். இன்ன பாட்டு வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது, வருவதைக் கேட்க வேண்டும், வராததற்குக் காத்திருக்க வேண்டும்.

பிறகு சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ஒன்றாகச் சேர்ந்த டூ இன் ஒன் வந்து இறங்கியது. ரேடியோவில் வருகிற பாட்டை அப்படியே கேசட்டில் பிடிக்கலாம் என்று ஆனது. அந்தக் கேசட்டுகள் இப்போது எங்களிடம் வருகின்றன. பாட்டின் முதல் வரி போயிருக்கும், கடைசியில் அறிவிப்பாளர் குரல் நுழைந்திருக்கும், இடையில் அலை ஏறி இறங்கும். அந்தப் பாட்டு போனில் முழுசாகக் கிடைக்கும், இது கிடைக்காது.

பட்டியல் கேசட்டும் அப்படித்தான். டிடிகே 60ஓ மெல்ட்ராக்கோ ஒரு வெற்றுக் கேசட் வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு என்று கணக்குப் போட்டுக் கோடு போட்ட தாளில் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். போன மாதம் ஒருவர் மகளோடு வந்தார். அவர் கேசட் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னாலேயே அதன் முதல் வரியைச் சரியான சுருதியில் முணுமுணுத்தார். மகள், "அடுத்தது இதுதான்னு எப்படிப்பா தெரியும்?" என்றாள். அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷமாக அவர் மனதில் அந்தப் பாட்டுக்குப் பின்னால் இந்தப் பாட்டுதான். அந்த வரிசை அவருடைய மனைவி, கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்ததாம். அதனால்தான் பாட்டு கேசட்டையும் துண்டு துண்டாகப் பிரிக்காமல் ஒரு பக்கம் ஒரே கோப்பாகத் தருகிறோம். பிரித்துத்தான் வேண்டும் என்றால் சொல்லுங்கள், இரண்டு விதமாகவும் தருகிறோம்.

இசைத்தட்டு கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. கல்லூரிப் பிள்ளைகள் பலர் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வருகிறீர்கள், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. கனமாக, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைகிறதே நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற அந்த 78 தட்டு, அது அரக்கில் செய்தது. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். பிறகு வந்த பிளாஸ்டிக் எல்.பி. தட்டுக்கான முள்ளை அதில் வைக்கவும் வேண்டாம். 78ன் பள்ளம் எல்.பி.யுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், அதற்கு முள்ளே வேறு. எங்களிடம் இருக்கிறது, எடுத்து வாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களை வற்புறுத்தாதீர்கள். உங்கள் கேசட்டை உங்களுக்கு மாற்றித் தருவோம். பாட்டுப் பட்டியல் கொடுத்து, கடையில் இருப்பதையெல்லாம் ஏற்றித் தாருங்கள் என்றால் முடியாது. ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் 60 ஆண்டு பதிப்புரிமை இருக்கிறது, அது பாடுபட்டவர்களின் சொத்து.

கட்டணத்தில் மாற்றமில்லை. உட்கார்ந்து கேட்கிற நேரத்துக்குத் தனியாக எதுவும் வாங்க மாட்டோம். பெரியவர்களால் படி ஏற முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், டெக்கைக் கீழே கொண்டுவந்து வைக்கிறோம். வரவே முடியாத நிலையில் இருக்கிறவர்களுக்கு மூன்று நான்கு வேகத்தில் சின்னச் சின்னத் துண்டாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், எது சரி என்று கேட்டுச் சொன்னால் போதும். பேரப்பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், ஞாயிறு காலை கூட்டம் குறைவு.

மாற்றி முடித்த கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முழுதும் ஒரு பக்கமாகச் சுற்றிவைத்து, ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல், புத்தகம் மாதிரி நிற்கவைத்து, அலமாரியில் ஈரம் படாத தட்டில் வையுங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் இழுக்க வேண்டாம். பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்க்கவும் வேண்டாம். அப்படியே ஒரு உறையில் போட்டு எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து