பழுப்பெல்லாம் உயிரல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார அறிவியல் பக்கத்தில் இரண்டு செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்துப் போட்டு, ‘வெளுத்த பவளப்பாறை பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கடல் சூடேறினால் பவள உயிரி தன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் வெளுக்கிறது. வெளுத்த உடனே அது செத்துவிடுவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. சூடு தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் செத்துப்போய், வெறும் கூட்டின் மேல் சில வாரங்களிலேயே பாசி படர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பிழைத்ததும் பழுப்பு, செத்துப் பாசி பிடித்ததும் பழுப்பு. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், 30 மீட்டருக்கு 30 மீட்டர். பவளம், மணல், கடற்புல், பாசி எல்லாம் அதற்குள் ஒரே நிறமாகக் கலந்துபோகும்.

நான் இந்தப் படங்களோடு வேலை செய்பவன், சரிபார்க்க நீருக்குள்ளும் இறங்குபவன். ஒருமுறை திரையில் ஒரு திட்டு நன்றாகக் கருத்து வந்திருந்தது. இறங்கி அளவுநாடாவை விரித்துப் பார்த்தால், மான்கொம்புப் பவளத்தின் கிளைகள் நின்ற நிலையிலேயே செத்துக் கிடந்தன. விரலால் தேய்த்ததும் பாசி வழுவழுவென்று கையோடு வந்தது. தங்கள் செய்தியில் அப்படி இறங்கிப் பார்த்தவர் யார் என்று தேடினேன். ஒருவர்கூட இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. உலகளாவிய நான்காவது வெளுப்பு 2024 ஏப்ரலில் உறுதி செய்யப்பட்டபோது அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் வெப்ப வரைபடத்தைப் போட்டு, சிவப்பாக இருந்த இடமெல்லாம் ‘அழிந்த பாறைகள்’ என்றீர்கள். அது பாறையின் படமே இல்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிடக் கடலின் மேற்பரப்பு எவ்வளவு கூடுதலாக, எத்தனை வாரம் சூடாக இருந்தது என்று 5 கிலோமீட்டர் கட்டங்களில் போட்ட கணக்கு. கூடுதல் டிகிரியையும் வாரத்தையும் சேர்த்துப் போடும் அந்தக் கணக்கு 4 எட்டினால் வெளுப்பையும், 8 எட்டினால் சாவையும் எதிர்பார்க்கலாம். எதிர்பார்க்க வேண்டியதை நடந்து முடிந்ததாக அச்சிட்டுவிட்டீர்கள். அப்போதே எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. அதற்கும் முன்பு, நீர் வற்றியிருந்தபோது எடுத்த படத்தையும் ஏறியிருந்தபோது எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து ‘பாறை சுருங்கியது’ என்றீர்கள். நீரின் ஆழம் கூடினால் அதே தரை இருண்டு தெரியும் என்பதை யாரும் தங்களுக்குச் சொல்லவில்லையா?

செயற்கைக்கோளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆஸ்திரேலியாவில் 2,300 கிலோமீட்டர் நீளும் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறையை முழுக்க முங்கிப் பார்க்க எந்த நாட்டிலும் ஆளில்லை. 1972 முதல் சேர்ந்துவரும் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லாருக்கும் இலவசம். ஒரே பருவத்துப் படங்களாகப் பொறுக்கி, நீரின் ஆழத்தையும் அலையில் பட்டுத் தெறிக்கும் வெயிலையும் கழித்து, ஆண்டுக்கணக்கில் வரிசையாக வைத்தால்தான் பாறை எந்தப் பக்கம் போகிறது என்பது பிடிபடும். இரண்டு படத்தில் அது தெரியாது. அவ்வளவு உழைப்பையும் ஒரு படக்குறிப்பு பாழாக்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மீண்டுவிட்டது என்று நம்பிய வாசகர் அடுத்த முறை அபாயம் என்றால் ஏன் கேட்கப்போகிறார்?

தங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரி. இனி இப்படிப் படம் போடும்போது எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, நீருக்குள் யாராவது சரிபார்த்தார்களா என்று கீழே குறிப்பிடுங்கள். இடம் போதாதென்றால் தேதியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்