உப்பு கூடிப்போச்சு என்று அவள் சொன்னால்

ரங்கூன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மோல்மேனிலும் அப்படியே இருக்கக் காளியம்மன் துணை.

போனில் நீ கொட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், அதுதான் மொஹிங்கா, விற்கிற உன் கடையில், "மொஹிங்காவில உப்பு கூடிப்போகுது, ஆள் முன்னாடி கடைப் பையனை அதட்டாதீங்க" என்று மருமகள் சொல்லிவிட்டாள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாய். என்னிடம் தீர்ப்புக் கேட்கிறாய். அது கிடைக்காது. மாமியார் பஞ்சாயத்துக்கு வந்தால் உப்பு மறந்துபோகும், யார் யார் பக்கம் என்பதே வழக்காகிவிடும். ஆனால் அந்த உப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

விடியற்காலை நாலு மணிக்கு நீ ருசி பார்க்கும்போது உப்பு சரியாகத்தான் இருக்கும். மூடாத பானை எட்டு மணி வரை அடுப்பில் இருந்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. பத்து லிட்டர் எட்டு லிட்டராகச் சுண்டினால் உப்பின் செறிவு கால் பங்கு ஏறிவிடும். வறுத்த அரிசி மாவும் நேரம் ஆக ஆகக் கெட்டிப்படும். நீ பேசுவது நாலு மணிக் குழம்பைப் பற்றி. அவள் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது எட்டு மணிக் குழம்பு. இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். அதைவிட, மீன், நாப்பி என்கிற புளித்த மீன் விழுது, எலுமிச்சைப்புல் ஆவியில் மணிக்கணக்காக நின்ற மூக்கு அந்த வாசனைக்குப் பழகி மரத்துப்போகும். ருசியில் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பதால், சமைத்தவன் நாக்கு அந்த நேரத்தில் நல்ல சாட்சி இல்லை. வெளியிலிருந்து வருகிறவள் நாக்குதான் சாட்சி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உப்புக்காகச் சேர்க்கிற மீன் சாற்றில் (ஃபிஷ் சாஸ்) முக்கால் பங்கை மட்டும் முதலில் ஊற்று. மீதியைக் கடை திறக்கும் முன் ருசி பார்த்துச் சேர். ஒரு மூங்கில் குச்சியைப் பானைக்குள் விட்டுக் குழம்பின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மணிக்கொரு தரம் குறைந்த அளவுக்கு வெந்நீர் ஊற்று. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, திரும்பக் கொதிக்க நேரம் பிடிக்கும். மாவு லிட்டருக்கு 35 கிராம் போதும். அதை மட்டும் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்று, நேராகப் போட்டால் கட்டி தட்டும். ருசி பார்க்கக் கிண்ணத்தில் எடுத்துக் கொஞ்சம் ஆறவிடு. கொதிக்கக் கொதிக்க வாயில் வைத்தால் சூடுதான் தெரியும்.

பையனை அதட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "நான் சத்தமே போடலியே" என்கிறாய். உன் குரல் உன் காதுக்கு மண்டை எலும்பு வழியாகவும் போகிறது. அதனால் மற்றவர்களுக்குக் கேட்பதைவிடக் கனமாக, மென்மையாக உனக்குக் கேட்கும். ஜெனரேட்டர் ஓடும்போது யாருக்கும் தன்னையறியாமல் குரல் ஏறும். இதை வாடிக்கையாளர் சொல்வார்கள் என்று காத்திருக்காதே. எதிராளி மனம் நோகுமே என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற 'ஆனாடே' பார்க்கிற ஊர் நம் ஊர். காசைக் கொடுத்துச் சிரித்துவிட்டுப் போய், மறுநாள் அடுத்த தெருவில் சாப்பிடுவார்கள். உன் முகத்துக்கு நேரே சொல்ல இருப்பவள் அவள் ஒருத்திதான்.

இனி, கேட்கும் விதம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியல் பேராசிரியர் கணவன் மனைவியரை உட்கார வைத்து, அவர்களுக்குள் ஒத்துப்போகாத விஷயத்தைப் பேசச் சொல்லி, நாடித் துடிப்பையும் அளந்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி பேச்சு மண்டையில் ஏறுவதில்லை, அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் கண்டது. அதனால் நெஞ்சு படபடக்கும்போது பதில் சொல்லாதே. "கேட்டுட்டேன், கடை கட்டினதும் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார். கடை கட்டியதும் நீயே எடு. நீ எடுக்காவிட்டால் அந்த வாக்கியம் நழுவும் தந்திரம் என்று அவளுக்கு இரண்டாம் தடவையே தெரிந்துவிடும்.

உட்கார்ந்ததும் அவள் சொன்னதை உன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல். பிறகு ஒரே கேள்வி: "எந்த நேரத்தில அப்படி இருக்கு?" இந்தக் கேள்வியில்தான் உன் நாலு மணியும் அவள் எட்டு மணியும் வெளியே வரும். "நீ மட்டும் என்ன" என்று ஆரம்பித்தால் இரண்டு புகார் ஆகும், ஒன்றும் தீராது. "ஆமா, நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று சரிந்து விழுவதும் ஏமாற்றுதான். குறை சொன்னவளே உன்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும், அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டாள்.

சிரிப்பு எங்கே வரலாம் என்று கேட்பாய். ஒத்துக்கொண்ட பிறகு, உன் மேலேயே. "சரிதான், இன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் உப்பு இலவசம்" என்றால் அவளும் சிரிப்பாள். ஒத்துக்கொள்ளும் முன் அதையே சொன்னால் மழுப்பல். "மகாராணி சொல்லிட்டாங்க" என்பதும், "உங்க வீட்டுல அமிர்தமா பொங்குவாங்க" என்பதும் வேடிக்கை இல்லை, குத்தல். காட்மன் கணக்கில் ஒரு திருமணத்தை முறிக்கும் குணங்களில் முதலாவது இந்த ஏளனம்தான். நிலைக்கிற தம்பதிகள், சச்சரவின் நடுவிலும்கூட, ஒரு கசப்புக்கு ஐந்து இனிய பேச்சோ செய்கையோ வைத்திருக்கிறார்கள் என்றும் அவர் சொல்கிறார். அவள் உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவதும் அந்த ஐந்தில் ஒன்று.

அவள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்றில்லை. சரியில்லை என்று பட்டால் மறுநாள் காட்டு: நாலு மணிக் குழம்பில் ஒரு கிண்ணம் எடுத்து வை. எட்டு மணிக்கு அதையும் பானையில் இருப்பதையும் ஒரே சூட்டில், எது எது என்று சொல்லாமல், இரண்டு பேரும் ருசி பாருங்கள். "உப்பு கூடிப்போச்சு" என்பது புகார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்பது வேறு. அப்படி வந்தால், "எதில தெரியலன்னு சொல்லு, திருத்திக்கிறேன்" என்று அமைதியாகக் கேள். குழம்பை மாற்றியதும் அவளிடம் "மாத்திட்டேன், பார்" என்று வாய்விட்டுச் சொல். சொன்னது காற்றில் போகவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். காலைக் கூட்டத்தில், கிண்ணம் ஏந்தி நிற்கிறவர்கள் முன்னால் குறை சொல்வது பற்றி அவளுக்கும் இரண்டு வார்த்தை உண்டு. அதை அவள் பேருக்கே தனியாக எழுதுகிறேன், நீ பிரிக்காதே.

இப்படிக்கு,
அம்மா