குடை வாங்கும்போது ஸ்டாண்டின் எடையையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் நெருங்குகிறது. மொட்டை மாடியில் சாப்பாட்டு மேசை போட்டு நடுவே பெரிய குடை விரிக்க நினைப்பவர்கள், கடையில் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். ஸ்டாண்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலும் அது தனி விலை.

அளவைத் தேர்வது எளிது. மேசையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 அடி நிழல் வேண்டும். 4 அடி வட்ட மேசைக்கு 8 அடிக் குடை போதும். நாற்காலியைத் தள்ளி உட்காருவோம் என்பதால் 9 அடி நல்லது.

ஆனால் இந்தக் கணக்கு உச்சி வெயிலுக்குத்தான் பொருந்தும். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். 3 மணிக்கு மேற்கே ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்துவிடும். குடை விளிம்பு 7 அடி உயரம், மேசைப் பலகை இரண்டரை அடி. இடையில் உள்ள நாலரை அடி அளவுக்கு நிழலும் கிழக்கே நகரும். மேசையின் மேற்குப் பாதி வெயிலில் கிடக்கும். ஆகவே சாய்க்கும் வசதியுள்ள குடைதான் வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். மேற்கே சாய்த்தால் கிழக்கு விளிம்பு மேலே தூக்கி நிற்கும். பிற்பகல் கடற்காற்று வருவதும் கிழக்கிலிருந்துதான். நேராக அடியில் புகுந்து குடையைக் கிளப்பும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 9 அடிக் குடை மேசைத் துளை வழியே நின்றால் 25 கிலோ, தனியே நின்றால் 35 கிலோ ஸ்டாண்டு போதும் என்பார்கள். மொட்டை மாடிக்கு 50 கிலோவுக்குக் குறையவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் ஸ்டாண்டை நம்ப வேண்டாம். 20 லிட்டர் நிரப்பினால் 20 கிலோதான். வெயிலில் விரிசல் விட்டு ஒழுகினால் அந்த எடையும் போய்விடும். அதிலேயே உலர்ந்த மணலை நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும்.

கான்கிரீட் இன்னும் நல்லது. ஒன்றரை அடிச் சதுரம், 4 அங்குல கனத்தில் வார்த்தால் 50 கிலோ வரும். நடுவில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை, 15 அங்குலம் வெளியே நிற்கும்படி பதிக்க வேண்டும். ஒன்றரை அங்குலம் என்பது பெயரளவுதான்; உள்விட்டம் ஏறக்குறைய 42 மி.மீ. இருக்கும். 38 மி.மீ. குடைக் குழாய் அதில் இறங்கும். ஆனால் 4 மி.மீ. அளவுக்கு ஆட்டம் இருக்கும். பைப்பில் இரண்டு இடத்தில் துளையிட்டு, அதன் மேல் திருகுக்கான நட்டை வெல்டிங் செய்து, திருகு போட்டு இறுக்க வேண்டும். இதை விட்டால் குழாய் நாளெல்லாம் ஆடி, பைப்பின் வாயருகே அலுமினியம் நசுங்கி, அங்கேயே மடங்கும். தளத்தைத் துளைத்து போல்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். தட்டோட்டுக்கு அடியில் மழைநீர் இறங்கும்.

குடைக் கம்பி ஃபைபர்கிளாஸாக இருக்கட்டும், வளைந்து நிமிரும். இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருவேறித் துணியையும் கறையாக்கும். உச்சியில் காற்று வெளியேற இரட்டை அடுக்குத் திறப்பு அவசியம். துணியைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் வெளிறியிருந்தால் சாயம் மேலோடு போட்டது, சீக்கிரம் வெளுக்கும். நூலிலேயே நிறம் சேர்ந்த அக்ரிலிக் துணி விலை கூடுதல் என்றாலும் பல கோடை தாங்கும்.

குடையின் விலைச்சீட்டிலேயே, அதற்கு எத்தனை கிலோ ஸ்டாண்டு தேவை என்பதையும் கடைக்காரர்கள் அச்சிட வேண்டும். குடை காற்றில் பறந்தால் போய் விழக்கூடிய பக்கத்து வீட்டு மாடியிலும் கீழே தெருவிலும் ஆள் நடமாட்டம் உண்டு.

– வெளிப்புறக் குடை அமைப்போர்,
திருவான்மியூர், சென்னை