பழைய வண்டியும் மலைக்குளிரும்: ஆயில் பற்றி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆயில் விஷயத்தை மூன்றே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர்: விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலாக வாங்குங்கள், வண்டி பழையது என்பதால் கெட்டியான ரகமாகப் பாருங்கள், டப்பாவில் 'எம்ஏ' முத்திரை கட்டாயம் இருக்கட்டும். நான் தேயிலை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கோத்தகிரியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் இன்றும் பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று வரியை நம்புகிறவர்களின் வண்டி கடைசியில் என் கொட்டகைக்குத்தான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

முத்திரையிலிருந்து தொடங்குகிறேன். எம்ஏ என்பது ஜப்பானியர்கள் 1998-இல் கொண்டுவந்த ஜேஏஎஸ்ஓ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) தரம். கிளட்ச் பிளேட்டை வழுக்கவிடாத ஆயில் என்பதற்கான அடையாளம் அது. என்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகிற வண்டிக்கு அது அவசியம். 1980-களில் ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் அப்படிப்பட்டவை. சென்னை திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் அந்த வகை அல்ல. அதில் என்ஜினுக்குத் தனி ஆயில், கிளட்ச் இருக்கும் செயின் கேசுக்குத் தனி ஆயில், நான்கு கியர் பெட்டிக்குத் தனி. என்ஜின் ஆயில் கிளட்சைத் தொடுவதே இல்லை. எனவே எம்ஏ பார்க்க வேண்டிய இடம் செயின் கேஸ். அந்தக் கியர் பெட்டியோ இளகிய கிரீசுக்காகச் செய்யப்பட்டது. அதில் என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு, தரையெல்லாம் ஒழுகுகிறதே என்று வருகிறவர்கள் அநேகம். ஒழுகத்தான் செய்யும்.

அடுத்து கெட்டி. சமவெளியில் மே மாத வெயிலில் ஓடும் வண்டிக்கு, கெட்டியைக் குறிக்க ஒரே எண் மட்டும் போட்ட ஒற்றை கிரேடு 40, 50 ஆயில் பொருந்தலாம். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கையேடுகளே கோடைக்கு ஒரு கிரேடு, குளிருக்கு ஒரு கிரேடு என்று பிரித்துத்தான் எழுதின. ஊட்டியிலும் காந்தலிலும் சனவரி விடியலில் புல் மேல் உறைபனி கிடக்கும். அந்த நேரத்தில் ஒற்றை கிரேடு 50 ஊற்றிய புல்லட்டைக் கிக்கரில் மிதித்துப் பாருங்கள், கால் சொல்லும். என்ஜின் ஓடத் தொடங்கினாலும் சின்ன ஆயில் பம்ப் அந்தக் கெட்டி ஆயிலை இழுத்து மேலே வால்வுகளை அசைக்கும் ராக்கருக்கு அனுப்ப நேரம் எடுக்கும். அதுவரை உலோகத்தின் மேல் உலோகம் உரசும். 20டபிள்யூ-50 என்பதில் முதல் எண் குளிர் நேரத்து இளக்கத்தைக் குறிக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் சோதித்துக் கொடுக்கும் தரம் அது. நம் மலை அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. ஆகவே நீலகிரியில் பழைய புல்லட்டுக்குச் சாதாரண 20டபிள்யூ-50 மினரல் ஆயில் (சிந்தெடிக் அல்லாத வழக்கமான ஆயில்) கோடைக்கும் போதும், பனிக்கும் போதும்.

சிந்தெடிக் ஆயில் விஷம் என்று நான் சொல்லவில்லை. நெடுநாள் கெடாமல் உழைப்பது அதன் குணம். கம்பளி வடிகட்டி ஒன்றை மட்டும் நம்பி ஓடும் என்ஜினில் கசடுக்குப் பயந்தே ஆயிலை அடிக்கடி மாற்றியாக வேண்டும். மூன்று மடங்கு விலை கொடுத்துவிட்டு அதைச் சீக்கிரமே வடிப்பதில் என்ன லாபம்? இன்னொரு சிக்கலும் உண்டு. கார்களுக்கான 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில், 2004-இல் அமெரிக்க ஏபிஐ அமைப்பு கொண்டுவந்த 'எஸ்எம்' தரம் முதல் பாஸ்பரசுக்கு 0.08 சதவீதம் என்று உச்ச வரம்பு வைத்துவிட்டார்கள். புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைக் காப்பதற்காக அப்படிச் செய்தார்கள். நம் பழைய என்ஜினில் வினையூக்கி ஏது? வால்வைத் திறக்கும் கேம் மேல், அது தள்ளும் தட்டையான டாப்பெட் உரசும் இடத்தைத் தேயாமல் காப்பதே துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த அந்தக் கலவைதான். கார் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று இதில் ஊற்றாதீர்கள்.

கட்டுரை தொடாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நீண்ட நாள் நின்ற புல்லட்டில், ஆயில் தன் தொட்டியிலிருந்து பம்பின் இடுக்கு வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்கு இறங்கிவிடும். அளவுக்கம்பியை இழுத்தால் காய்ந்து கிடக்கும். என் தங்கை மகன் மழைக்காலம் முழுவதும் மூடி வைத்த வண்டியை எடுத்தபோது, ஆயிலே இல்லை மாமா என்று ஒரு லிட்டரை ஊற்றிவிட்டான். கோடநாடு சாலையில் போனவர்கள் புகையைப் பார்த்துத் தீ என்று நினைத்திருப்பார்கள். சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் தன் இடத்துக்குத் திரும்பிய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளான எஸ்டி, ஜாவா வைத்திருப்பவர்களைக் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை. அவற்றைச் செய்த மைசூர் ஆலை 1996-இல் மூடிய பிறகும் அந்த வண்டிகள் இந்த மலையில் ஓடுகின்றன. உயரத்தில் காற்று மெலிவதால் பெட்ரோல் விகிதம் கூடி பிளக் கருக்கும். உடனே பெட்ரோலில் ஆயிலைக் குறைக்கிறார்கள். ஆயிலைக் குறைத்தால் அந்த இடத்தில் கூடுவது பெட்ரோல்தானே? கருப்பு கூடுமே தவிர குறையாது. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியை இறக்கிப் பாருங்கள், ஆயில் விகிதத்தில் கை வைக்காதீர்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,500 மீட்டர் இறக்கம். ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே வண்டியைப் பிடித்து இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் மிகக் குறைவாகவே போகும், அதில் கலந்த ஆயிலும் அப்படியே. பிஸ்டன் ஆயிலின்றிச் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். அதற்காக நியூட்ரலில் உருட்டினால் உயிருக்கே ஆபத்து. கியரிலேயே இறங்குங்கள், ஒவ்வொரு வளைவுக்கும் இடையில் ஒருமுறை ஆக்சிலேட்டரைத் திறந்து மூடுங்கள். கலப்பதற்கு இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலையே வாங்குங்கள், ஜேஏஎஸ்ஓ எஃப்சி என்று போட்டிருந்தால் புகை குறையும். நான்கு ஸ்ட்ரோக் ஆயில் எரிந்தால் சாம்பலாகப் படியும்.

மாற்றும் காலத்தையும் கிலோமீட்டர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். ஹட்டியிலிருந்து (மலைக் கிராமத்திலிருந்து) கடைவீதிக்கும் திரும்ப வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் என்ஜின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. உள்ளே ஈரம் தங்கி, மூடியைத் திறந்தால் பால் கலந்தாற்போல் வெளுத்த நுரை நிற்கும். இப்படி ஓடும் வண்டிக்கு ஆறு மாதக் கணக்குதான் சரி. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனம். மழைக்கு வண்டியை நிறுத்துகிறவர்கள் நிறுத்தும் முன்பே ஆயிலை மாற்ற வேண்டும். அமிலமும் ஈரமும் சேர்ந்த பழைய ஆயிலில் பேரிங்கை மாதக்கணக்கில் ஊறவைத்துவிட்டு, வெளியே எடுக்கும்போது புதிதாக ஊற்றிப் பயனில்லை.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்று கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே போக வேண்டும். இங்கே அது சாக்கடையில் போகிறது. குன்னூர், கோத்தகிரி ஓடைகள் பவானியில் கலக்கின்றன, கீழே ஊர் ஊராக அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் தடுத்து நிறுத்தத் தெரிந்த மாவட்டம் இது. பேருந்து நிலையங்களின் அருகே பழைய ஆயில் சேகரிக்க ஒரு பீப்பாய் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துச்செல்ல உள்ளாட்சி நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நிருபர் இதைப் பற்றி அதிகாரிகளிடம் கேட்டு எழுதினால் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தேயிலை ஆலை பிட்டர்,
கோத்தகிரி.