பறவை நோக்கர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஊர் ஊராகப் போய்ப் பட்டியலை நீட்டுவதை விட்டு, ஒரே ஆற்றங்கரையில் மாதம் ஒரு நடை போவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். தளி மலைப்பக்கம் பிறந்து, பஞ்சப்பள்ளி அணை தாண்டி, ஒகேனக்கல்லில் காவிரியோடு சேரும் நம் சின்னாறுதான் அது. மாரண்டஅள்ளி பக்கம் தடுப்பணையிலிருந்து பாலம் வரை நடந்தோம். வெள்ளம் வந்த ஐப்பசி மட்டும் விட்டுப்போனது.

இரண்டு வகை வாலாட்டிக் குருவிகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றதையே இந்த ஆண்டின் பெரிய லாபமாக நினைக்கிறேன். சாம்பல் வாலாட்டி விருந்தாளி. வடக்கே மலை நாடுகளிலிருந்து செப்டம்பர் வாக்கில் வந்து, ஏப்ரலில் திரும்பிவிடும். அடிவயிறு மஞ்சள், கல்லிடுக்கில் சலசலத்து ஓடும் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். வெண்புருவ வாலாட்டியோ வருஷம் முழுக்க இங்கேயே இருப்பது. சித்திரையில் ஆறு குட்டை குட்டையாகச் சுருங்கிக் கிடந்தபோது, துவைக்கிற கல்லின் மேல் ஒன்று நின்றது. அலகு நிறையப் பூச்சி. ஆனால் விழுங்கவில்லை, கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாலத்தடி இடுக்கில் குஞ்சு இருக்கிறது, நாம்தான் வழிமறித்து நிற்கிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது. இருபதடி பின்வாங்கினோம், உடனே உள்ளே போய்விட்டது. கூட்டுக்குப் பக்கத்தில் படம் எடுப்பதில்லை என்ற விதியை அன்றே, ஆற்றங்கரையிலேயே, எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி விஷயத்தில் மனம் கனக்கிறது. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாயும் பறவை. ஆணுக்கு மார்பில் இரண்டு பட்டை. பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் அறுந்திருக்கும். செங்குத்தான மண்கரையில் நீளமாக வளை தோண்டித்தான் முட்டையிடும். கார்த்திகையில் நாம் பார்த்து வைத்த வளைகள் மார்கழி நடையில் இல்லை. கரையையே வெட்டி மண் எடுத்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசினோம். மிச்சமிருக்கும் கரையை விட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தை நடையில் ஒரு ஜோடி அங்கே வந்து உட்கார்ந்ததைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

நீர்க்கரையில் இரை தேடும் வலசைப் பறவையான உள்ளான் ஆடி முடியுமுன்பே வந்துவிட்டது. 2015 முதல் தமிழகம் முழுக்க நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நாமும் கலந்துகொண்டு, பட்டியலை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினோம். ஆற்று ஆலாவைத் தேடி கிருஷ்ணகிரி அணைக்கு ஒருமுறை போனோம். ஒன்றே ஒன்று தூரத்தில் பறந்தது. ராகி அறுவடைக் காலத்தில் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்குவதால் மாலை நடைகளை நிறுத்திவைத்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்து பைனாகுலர் ஒன்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. சரிசெய்ய அனுமதி வேண்டும்.

வரும் ஆண்டும் இதே கரைதான். ஐப்பசியில் பாலத்து மேலிருந்தாவது பார்த்துக் குறித்துவிட வேண்டும். மண்கரையை மாதம் இருமுறை போய்ப் பார்த்துவர, பக்கத்து ஊர்களில் இருக்கும் உறுப்பினர் இருவர் இன்றே பெயர் கொடுங்கள்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்