கே போட்ட பிராசசர் வேண்டுமா?

அன்புள்ள ராசாவுக்கு,

ரங்கூனில் நாங்கள் நலம். இன்டெலின் ஐ5 13600கே பிராசசர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் லைன் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பெருக்கும் எண்ணுக்குப் பூட்டு இல்லை என்பதற்குத்தான் அந்தக் 'கே'. சிப்பின் அடிப்படை வேகமான 100 மெகாஹெர்ட்ஸை எத்தனையால் பெருக்குவது என்று பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸில்) நாமே வைத்துக்கொள்ளலாம். 51 வைத்தால் 5.1 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அதற்கு இசட் வரிசை மதர்போர்டு வேண்டும். பி760 மாதிரி சாதாரண போர்டில் மாட்டினால் அந்த எண்ணை ஏற்ற முடியாது. பெட்டியில் கூலரும் வராது. ஆக, சிப், போர்டு, கூலர் என்று மூன்று இடத்தில் காசு போகும். இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியின் ரைசன் சிப்புகளில் பெரும்பாலும் இந்தப் பூட்டே கிடையாது, அது வேறு கணக்கு.

இந்த ஆசை அப்பாவுக்கும் இருந்ததுதான். 1999இல் கடையில் 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ சிப் ஒன்றை, பஸ் வேகத்தை (அப்போதைய அடிப்படை வேகம்) 66இலிருந்து 100 ஆக்கி, 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினேன். கேஸைக் கழற்றி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சாப்பிட மூன்று தடவை கூப்பிட்டாள். காசு கூடக் கொடுக்காமல் ஒன்றரை மடங்கு வேகம், விட மனசு வருமா? இப்போது சிப்பே, வேலை கூடும்போது தானாக வேகத்தை ஏற்றும் டர்போவில், தன் உச்சத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. நாம் ஏற்றுவதற்கு மிச்சம் கொஞ்சம்தான்.

உனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தானே? அப்படியென்றால் கே இல்லாத ஐ5 13500ஐப் பார். அதிலும் அதே 14 கோர், அதே யுஎச்டி 770 கிராபிக்ஸ், கூலரும் பெட்டியிலேயே வரும். உச்ச வேகம் இதில் 4.8 கிகாஹெர்ட்ஸ், கேயில் 5.1. சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்2 கேஷும் இதில் 11.5 எம்பி, அதில் 20. வித்தியாசம் இல்லை என்று சொல்லமாட்டேன், ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) கேயில் கொஞ்சம் முன்னால் முடியும். ஆனால் டர்போவில் இது 154 வாட் வரை இழுத்தால் அது 181 வரை இழுக்கும், வேகத்தை ஏற்றினால் இன்னும் மேலே. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா சமயத்து உங்கள் மாண்டலே வெயிலை நினைத்துப் பார். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில்தான் நீ வேலை செய்கிறாய். பாதி ரெண்டரில் பேட்டரி இறங்கிவிட்டால் அந்த 0.3 கிகாஹெர்ட்ஸ் எதற்கு?

மிச்சமாகும் பணத்தில் 32 ஜிபி ராமும் நல்ல பேட்டரியும் வாங்கு. விலை குறைவு என்று 'எஃப்' போட்டதை எடுத்துவிடாதே, அதில் கிராபிக்ஸ் இருக்காது.

வேகத்தை ஏற்றிப் பார்க்கத்தான் ஆசை என்றால் மறைக்காமல் சொல். அப்போது இசட் போர்டு, பெரிய கூலர் எல்லாம் சேர்த்தே வாங்குவோம், அரைகுறையாக வேண்டாம்.

இன்வெர்ட்டருக்குப் பின்னால் எத்தனை வாட் என்று ஒட்டியிருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளை சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா