பட்டியல் முடிந்துவிட்டதா? – ஆடைத் தொழிற்சாலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள பணிப்பாளர் சபையினருக்கும் திருகோணமலைத் தொழிற்சாலையின் முகாமையாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் எமது தொழிற்சாலை வாயிலில் ஊழியர்கள் பெயர்ப் பட்டியல் வாசித்து வேலையிலிருந்து நீக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் உத்தரவின்றி அது நடந்திருக்க முடியாது. முக்கியமான ஒரு கோரிக்கைக்காகவே இம்மடலை எழுதுகிறேன். தயவுசெய்து இங்கே வாருங்கள். யாரை, எந்த அளவுகோலின்படி நீக்கினீர்கள், அந்தப் பட்டியல் முடிந்துவிட்டதா இல்லையா என்பதை எங்களுக்கு விளங்கும் மொழியில், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓடர்கள் குறைந்த செய்தி எங்களுக்குப் புதிதன்று. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்ததிலிருந்து, அது 30 ஆகி, ஓகஸ்டில் 20 ஆகிய வரையில் கன்டீனில் வேறு பேச்சே இருக்கவில்லை. ஓவர்டைம் நின்றதையும், லைன்களில் வெட்டிய துணி வராமல் மெஷின்கள் சும்மா கிடந்ததையும் முதலில் கண்டவர்கள் நாங்கள்தாம். 2020இல் கொரோனாக் காலத்தில், வேலையின்றி வீட்டிலிருப்போருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இவற்றுள் எது கூடியதோ அது என்று முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் அரசும் பேசி முடிவெடுத்தபோது, அதைக் கொண்டு சமாளித்தோம். 2022இல் எரிபொருளின்றி நாடே வரிசையில் நின்றபோது சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தோம். காரணத்தைச் சொல்லிக் கணக்கைக் காட்டியிருந்தால் இம்முறையும் அழுதிருப்போம், வாக்குவாதப்பட்டிருப்போம். ஆயினும் உங்களை நம்பியிருப்போம்.

அன்று காலை மூதூரிலிருந்து வந்த பஸ்ஸில் இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அம்மாவிடமோ மாமியிடமோ ஒப்படைத்துவிட்டு, சோற்றுப் பார்சலோடு வந்து இறங்கியவர்களைக் கேட்டில் நிறுத்திக் காவலாளி பெயர் வாசித்தார். பாவம், அவருக்கும் அது புதிய வேலை. பெயர் வாசிக்கப்பட்டவர்களிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்று நீட்டப்பட்டது; கையொப்பமிட்டால்தான் அந்த மாதச் சம்பளம் என்றார்கள். எங்கள் லைனில் காலர் தைக்கும் அக்கா ஒருவர், மெஷின் இழுப்பறையில் இருக்கும் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துவரவேனும் உள்ளே விடும்படி கேட்டார். விடவில்லை. கண்ணாடியில்லாமல், எழுத்து கண்ணுக்குப் புலப்படாத நிலையில், விரல் காட்டப்பட்ட இடத்தில் அவர் கையொப்பமிட்டார். பஸ் மாலையில்தான் திரும்பும் என்பதால் அவர்கள் பகல் முழுவதும் மதிலோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து நாங்களும் அதே பஸ்ஸில்தான் ஏறினோம். பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் என்ன பேசுவதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தத் தாளில் இருந்தது 'சுயவிருப்பின் பேரில் பதவி விலகுகிறேன்' என்ற வாசகம் என்பது பிறகுதான் தெரியவந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதங்களுள் 180 நாள்களாவது பணியாற்றிய ஒருவரை ஒழுக்கக் காரணமின்றி நீக்குவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஆணையாளரிடம் போனால், வர்த்தமானியில் வெளியான சூத்திரப்படி, ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு 12.5 மாதச் சம்பளம் நட்டஈடாக வரும். தானாக விலகியவருக்குப் பணிக்கொடையாகக் கிடைப்பது ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் மட்டுமே. இந்த வித்தியாசத்தை உங்கள் சட்டத்தரணிகள் அறியாதவர்களல்லர். பயத்தில் போட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று கோப்பில் செருகி வைப்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு. மரியாதை கருதி அதை இங்கே எழுதவில்லை.

எஞ்சியிருப்போரின் நிலையைச் சொல்கிறேன். தைக்கும்போது ஊசி முறிந்தால் அதன் துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பின்னரே புது ஊசி பெற வேண்டும் என்பது நீங்கள் வகுத்த விதி. உடுப்புக்குள் முனை தங்கினால் யாரோ ஒரு குழந்தையின் உடலில் குத்தும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தீர்கள். இப்போது ஊசி முறிந்ததைச் சொல்லவே சக ஊழியர்கள் பயப்படுகிறார்கள். பதிவேட்டில் பெயர் ஏறினால் அடுத்த பட்டியலிலும் ஏறுமோ என்று கேட்கிறார்கள். ஏறாது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. கைதேர்ந்தவர்கள் தம் வேலையைப் பக்கத்திலிருப்பவருக்குக் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலென்றாலும் லீவு கேட்பதில்லை. மிக நன்றாகத் தைக்கக்கூடியவர்கள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பியவர்களே முதலில் போகப் போகிறார்கள்.

இதற்கு மருந்தாக நீங்கள் அனுப்பியது கொழும்பிலிருந்து வந்த ஊக்கப் பேச்சாளர் ஒருவரை. பலூன் ஊதினோம், கை தட்டினோம், 'நாம் ஒரே குடும்பம்' என்று மும்முறை உரக்கச் சொன்னோம். குடும்பத்துக்குள் ஆளை வெளியேற்றுவதற்குக் காவலாளியை அனுப்பும் வழக்கம் எந்த ஊரில் உண்டென்று அவரிடம் கேட்க நேரம் தரப்படவில்லை. இந்த மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலை வந்தால் மாலையோடு திறந்து வைக்க வருபவர்கள், ஆட்களைக் குறைக்கும் நாளில் தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அது உங்கள் குற்றமன்று; கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள்.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன். வாயிலில் வாங்கிய தாள்களைத் திருப்பிக் கொடுத்து, நீக்குவது கட்டாயமென்றால் தொழில் ஆணையாளரிடம் முறைப்படி விண்ணப்பியுங்கள். அந்த அக்காவின் மூக்குக்கண்ணாடி முதல் ஒவ்வொருவருடைய பொருள்களையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். நீங்களே வந்து எங்கள் கன்டீனில் அமர்ந்து, இன்னும் யாராவது போக வேண்டியிருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். போக வேண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வேறு வேலை தேட எங்களுக்கு அவகாசம் வேண்டும். வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால், மூதூர், கிண்ணியா பஸ்களில் வருவோரும் இருந்து கேட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
இதுவரை பட்டியலில் பெயர் வராத ஊழியர் ஒருவர்,
திருகோணமலை.